இருக்கை எங்கே போடப்பட்டது

"பெரியம்மா, சண்டையப் பேசித் தீக்குற எடத்துல ஆம்பள ஒக்காந்தா என்ன, பொம்பள ஒக்காந்தா என்ன? பேச்சு பேச்சுதானே?"

மதுரை கோச்சடையில் எங்கள் தெருப் பெண் கேட்ட கேள்வி இது. கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறாள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம் பாடத்தில் வருகிறதாம். அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்கிறது தீர்மானம். ஏன் வேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை. "டீ போடுறேன், ஒக்காரு தாயி" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, சப்பரம் எந்தத் தெரு வழியாக வரும், சுடுகாட்டுப் பாதையில் யார் போகலாம் என்று நம் பக்கத்துக் கிராமங்களில் தகராறு முற்றினால், தாசில்தாரோ கோட்டாட்சியரோ இரு தரப்பையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவார். போலீசும் இருக்கும். பேசி முடித்ததை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அதற்கப்புறமும் ஊர் அமைதியாக மூன்று ஆண்டுகள் ஆயின. 2011இல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான் முத்தாலம்மன் கோவில் வாசலில் எல்லோரும் நிற்க முடிந்தது. பேச்சுவார்த்தை அவ்வளவு பெரிய காரியம்.

இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கு வழக்கமாக யாரைக் கூப்பிடுகிறார்கள்? ஊர்ப் பெரியவர்கள், கரைகாரர்கள், முக்கியஸ்தர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். தகராறு நடந்த நாட்களில் கடையடைப்பில் அரிசி வாங்க முடியாமல் தவித்தவளும், வயசுக்கு வந்த பிள்ளையை எந்த வழியாகப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று விழித்தவளும், கைதுக்குப் பயந்து ஆண்கள் ஊரைவிட்டு ஓடிய வீட்டில் தனியாகக் கிடந்தவளும் அந்த அறையில் இருப்பதில்லை.

"அவ்வையாரு தூது போகலையா?" என்று கேட்டாள். போனார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போனார், அது நமக்குப் பெருமைதான். ஆனால் வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூதர் ஒருவருடைய சொல்லை இன்னொருவரிடம் சேர்ப்பவர். நடுவில் நிற்பவர் இரு பக்கமும் பேசிப் பேசிப் பாலம் போடுபவர்; ஈழத்தமிழர்கள் நோர்வேயைக் குறித்து அனுசரணையாளர் என்றார்களே, அந்த வேலை. மூன்றாவதாக, தரப்பின் பெயரால் மேசையில் உட்கார்ந்து, இதை விட்டுத்தருகிறேன், அதைக் கொடு என்று பேரம் பேசும் அதிகாரம் உள்ளவர். சண்டையை நிறுத்தச் சொல்லிக் கதறுவதிலும் தூது போவதிலும் பெண்களுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. மூன்றாவது நாற்காலியில்தான் பிரச்சினை. 1992 முதல் 2019 வரை உலகில் நடந்த பெரிய அமைதிப் பேச்சுகளில், பேரம் பேசியவர்களில் பெண்கள் சராசரியாக 13 விழுக்காடு. நடுவர்களில் 6, கையெழுத்திட்டவர்களில் 6.

அந்த நாற்காலி ஏன் முக்கியம்? அண்ணன் தம்பி பாகப்பிரிவினையை எடுத்துக்கொள். வரப்பு எங்கே, கிணற்றில் யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், எல்லாம் நுணுக்கமாகப் பேசி முடித்திருப்பார்கள். அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்பது பத்திரத்தில் வராது. சாகும்வரை அதனாலேயே அந்த வீட்டில் சண்டை ஓயாது. மேசையில் எது பேச்சாகிறது என்பது, மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதற்கு நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் இலங்கை. ஆனையூர், உச்சபட்டி, திருவாதவூர் முகாம்களில் வாழும் குடும்பங்களை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் எந்தச் சண்டையால் இங்கே வந்தார்களோ, அதை நிறுத்த நடந்த முயற்சிகளில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தாலே அவள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

1984இல் யாழ்ப்பாணத்தில், ராணுவம் பிடித்துப்போன இளைஞர்களுக்காகத் தாய்மார்கள் அன்னையர் முன்னணி என்று திரண்டார்கள். 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. சில மாதங்களிலேயே இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. மட்டக்களப்பில் அன்னை பூபதி என்ற குடும்பப் பெண், 1988 மார்ச் 19 அன்று மாமாங்கேஸ்வரர் கோவிலில் உண்ணாவிரதம் தொடங்கினார். போரை நிறுத்து, பேச்சைத் தொடங்கு: கேட்டது இந்த இரண்டுதான். ஏப்ரல் 19 அன்று இறந்துபோனார். நம் நாட்டுப் படையிடம்தான் அதைக் கேட்டார். தமிழ்நாட்டில் இந்தச் சாவைப் பற்றிப் போதிய அளவு நாம் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

கடைசியில் பேச்சு வந்தது. 2002 பிப்ரவரியில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தகிப்பில் முதல் சுற்று. அரசு தரப்பில் ஜி.எல்.பீரிஸ், மிலிந்த மொரகொட, ரவூப் ஹக்கீம். புலிகள் தரப்புக்கு அன்டன் பாலசிங்கம் தலைமை. அடேல் பாலசிங்கம் அந்த அறையில் இருந்தார், தம் தரப்பின் செயலாளராக. தரப்பின் பெயரால் பேரம் பேசும் நாற்காலியில் பெண் யாரும் இல்லை. புலிகள் இயக்கத்தில் பெண்களின் படையணிகளே இருந்தன. தெற்கில் நாட்டின் ஜனாதிபதியே ஒரு பெண், சந்திரிகா குமாரதுங்க. அப்படியும் இந்த நிலை.

பெண்ணமைப்புகள் விடவில்லை. வடக்கு கிழக்கைச் சுற்றி வந்து, பெண்கள் சொன்னதைக் கேட்டு, பேச்சில் பெண்களின் விவகாரத்துக்கு இடம் வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த மூன்றாம் சுற்றில் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு என்று பெயர். அரசு தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள், நடுவில் நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபேர்க். இவர் மனநல மருத்துவர், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர்.

அரசு தரப்புக் குழுவின் தலைவர் குமாரி ஜயவர்தன, பெண்ணிய வரலாற்றாசிரியர். அவருடன் சட்டப் பேராசிரியர் தீபிகா உடகம, பெண்கள் ஊடக அமைப்பின் குமுதினி சாமுவேல், முஸ்லிம் பெண்கள் ஆய்வு அமைப்பின் பைசுன் சக்கரியா போன்றவர்கள். கட்சிக்காரர்களாக இல்லாமல், ஆண்டுக்கணக்கில் பெண்களுடன் வேலை செய்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என மூன்று சமூகத்தவரும் இருந்தார்கள். பிரதான மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடம் கிடைக்காமல் மனக்குறை இருந்த காலம் அது. எதிர்ப்பக்கம் தமிழினி, புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர். பரந்தனில் பிறந்து, 1991இல் இயக்கத்தில் சேர்ந்தவர்.

2003 மார்ச் 5, 6 தேதிகளில் கிளிநொச்சியில் முதல் கூட்டம். மற்ற சுற்றுகள் தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், ஜப்பான் என்று வெளிநாடுகளில் நடந்தபோது, இந்தப் பெண்கள் குண்டுவிழுந்து சிதைந்த ஊரிலேயே உட்கார்ந்தார்கள். எடுத்துக்கொண்ட விஷயங்கள்: மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், வீடு பள்ளி மருத்துவமனை போன்ற வசதிகள், அரசியலில் பெண்களின் இடம், நல்லிணக்கம், அமைதி முயற்சியை நிலைக்கவைப்பது.

"இதுல என்ன பெரியம்மா புதுசு? ஆம்பளைகளும் மீள்குடியேற்றம் பேசியிருப்பாங்கள்ல?" என்றாள்.

பேசினார்கள்தான். எப்படிப் பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். பிரதான மேசையில் மீள்குடியேற்றம் என்றால் உயர்பாதுகாப்பு வலயம், ராணுவ முகாம் பின்வாங்குமா, பீரங்கி எட்டும் தூரம் எவ்வளவு. தேவையான பேச்சுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும் ஒரு பெண்ணின் பக்கம் நின்று பார். யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். அதன்படி கல்யாணமான பெண், தன் சீதன நிலமே ஆனாலும், விற்கவோ அடகு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் சட்டம் அது. கணவன் காணாமல் போய்விட்டான். உயிரோடு இருக்கிறானா தெரியாது. மரணச் சான்றிதழ் வாங்க மனசும் இல்லை, வழியும் இல்லை. சம்மதக் கையெழுத்து யார் போடுவது? அரசாங்கம் குடும்பத் தலைவர் என்று எழுதிக்கொள்வது ஆணின் பெயரை. வீட்டு உதவி யார் பெயருக்கு வரும்? சாவடியில் சோதனை போடுவது யார்? பீரங்கியின் தூரத்தை அளக்கத் தெரிந்தவர் மேசையில் இருப்பதுபோல, இந்தக் கேள்விகளைத் தெரிந்தவரும் இருந்தால்தான் திரும்பிப் போகிறவர்களால் அங்கே வாழ முடியும்.

தெற்கிலும் ஒரு தாய் இருந்தார். விசாகா தர்மதாச. ராணுவ அதிகாரியான அவருடைய மகன் 1998 செப்டம்பரில் கிளிநொச்சிப் போரில் காணாமல் போனார். அவர் அதே நிலையில் உள்ள பெற்றோரைத் திரட்டினார். வன்னிக்குப் போய்ப் புலிகளிடமே பேசினார். அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, போர்வீரர்களுக்கு அடையாள வில்லை கொடுங்கள் என்பது. செத்தால் யாருடைய பிள்ளை என்றாவது தெரியட்டும். பதினைந்து ஆண்டுகளாகப் போர் நடத்திய ஒரு நாட்டில், அதைக் கேட்க அந்தத் தாய்மார் வரவேண்டியிருந்தது.

இனி உபகுழு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும், வருத்தத்தோடுதான். 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் ஆறாம் சுற்று நடந்தது. ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். பிரதான மேசை கலைந்ததும் பெண்களின் குழுவும் கலைந்தது. கிளிநொச்சியில் கூடி ஏழு வாரம்கூட ஆகவில்லை. பத்துப் பெண்களும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுப் பிரியவில்லை. அவர்களுடைய பேச்சு எங்கும் முறியவில்லை. ஆனால் அவர்கள் பிரதான மேசைக்கு அறிக்கை கொடுக்கலாம், அங்கே உட்கார முடியாது. அந்த மேசையை உயிரோடு வைத்திருக்கும் சக்தி அவர்கள் கையில் தரப்படவே இல்லை.

நான் அவளுக்கு அழுத்திச் சொன்னது இதைத்தான். பெண்கள் பங்கேற்றார்கள் என்று ஒரு செய்தி வந்தால், இருக்கை எங்கே போடப்பட்டது என்று பார். பக்கத்து அறையிலா, மேசையிலா?

கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கும் சண்டை நடந்த வட அயர்லாந்தில் வேறு மாதிரி நடந்தது. 1996இல் அங்கே அமைதிப் பேச்சுக்கு ஆட்களைத் தேர்தல் வைத்து எடுத்தார்கள். அதிக வாக்கு வாங்கும் முதல் பத்துக் கட்சிகளுக்குத் தலா இரண்டு கூடுதல் இடம் என்று விதி. சில பெண்கள் அந்த விதியைக் கூர்ந்து படித்தார்கள். சில வாரங்களில் மகளிர் கூட்டணி என்று ஒரு கட்சியைத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு விழுக்காடு வாக்கு வாங்கி ஒன்பதாவதாக வந்தார்கள். அது போதும். கத்தோலிக்கரான மோனிக்கா மக்வில்லியம்ஸ், புராட்டஸ்டன்ட்டான பேர்ல் சேகர் இருவரும் பிரதான மேசையிலேயே உட்கார்ந்தார்கள். பேச எழுந்தால் சில ஆண் உறுப்பினர்கள் மாடுபோலக் கத்திக் கேலி செய்தார்கள். இவர்கள் எழுந்து போகவில்லை. 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கையில், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பகுதி, இரு பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள், அரசியலில் பெண்களின் உரிமை எல்லாம் இடம்பெற்றன. அவற்றை உள்ளே கொண்டுவர உழைத்தவர்கள் இவர்கள். பிலிப்பைன்சில் மிரியம் கொரொனெல் ஃபெரர் என்ற பேராசிரியர் அரசின் தலைமைப் பேச்சாளராகவே இருந்து, 2014 மார்ச் 27 அன்று மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்.

"அப்ப பொம்பளைங்க சாந்தமானவங்க, அதான் சமாதானம் வருதுங்கிறீங்களா?"

இல்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். தமிழினி போராளி. சந்திரிகா குமாரதுங்க 1994இல் சமாதானம் என்ற வாக்குறுதியில்தான் வென்றார், பேச்சும் நடத்தினார், 1995 ஏப்ரலில் அது முறிந்தபின் பெரும் போரை நடத்தியதும் அவர் ஆட்சிதான். உச்சியில் ஒரு பெண் இருப்பது ஒன்று, பாதிக்கப்பட்ட பெண்களின் குரலுக்குக் கட்டுப்பட்ட பெண்கள் மேசையில் இருப்பது இன்னொன்று. தமிழினி 2009க்குப் பிறகு சிறையும் புனர்வாழ்வும் கண்டு, 2013இல் விடுதலையாகி, 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். தம் வாழ்வை எழுதிவைத்துப் போன 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வந்தது. வாங்கிப் படி என்று சொல்லியிருக்கிறேன்.

"நம்ம பக்கம் அப்படி யாரும் இல்லையா?" என்றாள். இருக்கிறார். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், திண்டுக்கல் பக்கம் தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்து, மதுரையில் தங்கிப் படித்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கே குடிபெயர்ந்தார்கள். கூலித் தகராறில் வெடித்த கொடுமை அது. அதன் அடியில் கிடந்தது நிலம். 1981இல் லாஃப்டி என்ற நில உரிமை அமைப்பைத் தொடங்கி, பெண்களைத் திரட்டிக்கொண்டு நிலவுடைமையாளர்களோடு நேரில் உட்கார்ந்து பேசினார். அவர் கேட்டது நன்கொடையாக அல்ல. நியாய விலைக்கு நிலத்தைக் கொடுங்கள், வங்கிக் கடனில் வாங்கிக்கொள்கிறோம் என்றார். முதலில் வங்கிகள் தயங்கின. பத்திரச் செலவே தலைக்குமேல் நின்றது. அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் அலைந்து அதையும் பேசினார். 2007 வாக்கில் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் அளவில் நிலம் சேர்ந்தது, பெண்களின் பெயரில். 2008இல் தம்பதி இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் விருது, 2020இல் அவருக்குப் பத்மபூஷண்.

இதைப் பெரும்பாலும் சமூக சேவை என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 44 பேர் எரிந்த மண்ணில், எரிந்தவர்களின் தரப்பிலிருந்து ஒரு பெண் எதிர்த் தரப்பின் வீட்டுத் திண்ணைக்குப் போய், விலை பேசி, பத்திரம் முடித்துத் திரும்புவது அமைதிப் பேச்சுவார்த்தைதான். தனக்கு நாற்காலி போடுவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. திரண்ட பெண்களும் வங்கிக் கடனும் அவர் பேச்சுக்குப் பின்னால் நின்றன.

டீ குடித்து முடித்தபின் அவள் கேட்டது, இப்போது இலங்கையில் என்ன நடக்கிறது என்று. முல்லைத்தீவில் கேப்பாப்பிலவு, பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 அன்று, தங்கள் காணிகளில் இருந்த விமானப்படை முகாமின் வாசலில் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். அரசு அலுவலர்கள் வந்து பேசினார்கள். உறுதிமொழி மட்டும் போதாது, காணிக்குள் கால் வைத்தபிறகே எழுவோம் என்றார்கள் அந்தப் பெண்கள். மார்ச் 1 அன்று காணி திறந்துவிடப்பட்டது. அந்தப் பிப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஆண்டுகள் பல ஓடின. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக் காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். 2018இல் காணாமல் போனோர் அலுவலகம் வேலையைத் தொடங்கியது. தாய்மாரில் பலர் அதை ஏற்கவில்லை. விசாரணை எப்படி நடக்க வேண்டும், யார் விசாரிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் தாங்களும் இருக்க வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள்.